மூன்று மூட்டை எடை, இரண்டு உடல்: கரடியையும் நெருப்புக்கோழியையும் களத்தில் வைத்து ஒப்பிடுவது எப்படி

இரண்டு விலங்குகளை ஒப்பிடச் சொன்னால் பிள்ளைகள் நோட்டின் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் "நான்கு கால்", அந்தப் பக்கம் "இரண்டு கால்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதில் எழுதியது எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் ஒன்றும் விளங்காது. எதை ஒரே அளவாகப் பிடித்துக்கொண்டு எதை ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால்தான் ஒப்பீடு பேசும். இங்கே நாம் பிடித்துக்கொள்வது எடை.

நம் காட்டுக் கரடியில் வளர்ந்த ஆண் 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். ஆப்பிரிக்காவின் நெருப்புக்கோழியில் வளர்ந்த ஆண் பெரும்பாலும் 100 முதல் 130 கிலோ. எனவே இரண்டுக்கும் 120 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ பிடிப்பார்கள், அந்தக் கணக்கில் இரண்டும் மூன்று மூட்டை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மூட்டை நெல் எவ்வளவு கனம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அதே மூன்று மூட்டையை ஓர் உடல் மண்ணைத் தோண்டுவதற்காகவும் இன்னோர் உடல் ஓடுவதற்காகவும் செலவிட்டிருக்கிறது. கீழே வரும் வேலைகள் எல்லாம் அதைக் கண்ணால் பார்ப்பதற்காகத்தான்.

பறவை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தீக்கோழி என்பதும் நெருப்புக்கோழி என்பதும் ஒன்றுதான், ஆனால் ஈமு வேறு. ஈமு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, எடை ஒரு மூட்டைக்குச் சற்று முன்பின், காலில் மூன்று விரல். நெருப்புக்கோழிக்கு இரண்டே விரல். சார்ட் கடையில் வாங்கும் படங்களில் இரண்டும் மாறிக் கிடப்பதுண்டு, ஆகவே விரலை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். கரடிக்கும் அப்படியே. பழுப்புக் கரடியோ பனிக்கரடியோ வேண்டாம். நெஞ்சில் ஆங்கில "வி" எழுத்துப் போல வெளுத்த பட்டையும், மூக்குப் பக்கம் சாம்பல் வெளுப்பும், தோளில் சடைமுடியும் உள்ள கரடிதான் நமக்கு வேண்டியது.

களத்தில் முழு அளவுப் படம்

இதற்கு ஏற்ற காலம் மாசிக் கடைசியும் பங்குனியும். அதற்கு முன்பு சம்பா, தாளடி அறுவடைக்குக் களம் வேண்டியிருக்கும். ஆடிக் காற்றில் செய்தால் கோலமாவு கோட்டில் நிற்காது. காலை ஏழரைக்குள் கோடு போட்டு முடித்துவிடுங்கள், பிறகு வெயில் ஏறினால் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள்.

தேவையானவை: கல்மாவுக் கோலப்பொடி 3 கிலோ, கொத்தனார் நூல் 30 மீட்டர், அளவு நாடா, மூங்கில் முளைக்குச்சி நான்கு, அரிசி ஆலையிலிருந்து கறுப்பு உமிச்சாம்பல் ஒரு கூடை. சாம்பலை உலர்ந்தபடி தூவக் கூடாது. அதில் சிலிக்கா அதிகம், அது கண்ணையும் மூச்சையும் உறுத்தும். கையில் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீர் தெளித்துப் பிசறிக்கொள்ளுங்கள். தரைக்குச் சாணம் மெழுக வேண்டாம். படத்திலுள்ள இரண்டு உடலும் கறுப்பு, மெழுகிய தரையில் அவை எடுப்பாகத் தெரியாது. காய்ந்த வண்டல் தரையின் வெளிர் நிறமே போதும்.

நாலரை மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலத்தில் நான்கு முளை அடியுங்கள். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு பக்கமும் 541 செ.மீ. வர வேண்டும். வராவிட்டால் சட்டம் கோணியிருக்கிறது, அதன்மேல் போடும் பறவையும் சாய்ந்துதான் நிற்கும். பிறகு 50 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டால் நீளத்தில் 9, உயரத்தில் 6, ஆக 54 கட்டங்கள். சட்டத்தின் கீழ்க்கோடு தரை.

கரடி நான்கு காலில் நிற்பதைப் பக்கவாட்டில் போடுங்கள். மூக்கிலிருந்து பின்புறம் வரை 170 செ.மீ., அதாவது மூன்றரைக் கட்டத்துக்குச் சற்றுக் குறைவு. தோள் உயரம் 80 செ.மீ., ஒன்றரைக் கட்டத்துக்குக் கொஞ்சம் மேல். வால் ஒரு சாணுக்கும் குறைவு. நெருப்புக்கோழிக்குத் தலை உச்சி ஐந்தாவது கட்டத்தின் மேல்கோட்டில் வரும், அது 250 செ.மீ. முதுகு இரண்டரைக் கட்டம். கழுத்தும் தலையும் மட்டுமே மீதி இரண்டரைக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். சட்டம் நாலரை மீட்டர்தான் என்பதால் பறவையின் வாலுக்கும் கரடியின் பின்புறத்துக்கும் இடையே அரைக் கட்டம் விட்டால் போதும்.

எல்லோரும் தவறும் இடம் பறவையின் கால். தரையிலிருந்து ஒரு கட்ட உயரத்தில் பின்பக்கமாக மடங்கும் மூட்டைப் பார்த்து, "முட்டி தலைகீழாக இருக்கிறது" என்பார்கள். அது முட்டி இல்லை, கணுக்கால். உண்மையான முட்டி உடலோடு ஒட்டி, இறகுக்குள் மறைந்திருக்கிறது. அது நம் முட்டியைப் போல முன்பக்கம்தான் மடியும். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையைக் குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் நிற்கச் சொல்லுங்கள். குதிகால் எங்கே போகிறது என்று பார்த்தவுடன் புரிந்துவிடும். நெருப்புக்கோழி வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நிற்கிறது. கரடி நம்மைப் போல உள்ளங்காலை முழுவதும் பதித்து நிற்கும். குதிகாலைத் தூக்கினால் கால் நீளும், தப்படி நீளும். பதித்து நின்றால் உடல் அசையாது, மண்ணைத் தோண்ட அதுதான் வேண்டும்.

கால் தடம்

இந்த வேலைக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், மற்றவை குறைந்தாலும் பரவாயில்லை.

பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி அச்சு செய்ய வேண்டும். கரடியின் முன்னங்கால்: அகலம் சுமார் 13 செ.மீ. வரும் ஒரு பட்டையான உள்ளங்கை, அதற்கு முன்னால் ஏறக்குறைய நேர்வரிசையில் ஐந்து விரல். நாயைப் போலவோ பூனையைப் போலவோ விரல்களை வளைவாக வைக்காதீர்கள், நம் கரடியின் அடையாளமே அந்த நேர்வரிசை. விரலுக்கு முன்னால் தள்ளி ஐந்து நகக்குறி. நகத்துக்கு மூங்கில் சிம்பைச் சீவி, 8 செ.மீ. நீளத்தில், லேசாக வளைந்தபடி பொருத்துங்கள். நெருப்புக்கோழியின் கால்: ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் ஒரு பெரிய விரல், நுனியில் தடித்த நகம். அதன் வெளிப்பக்கம் பாதி நீளத்தில் சிறிய விரல், அதற்கு நகம் வேண்டாம். பின்விரல் கிடையாது.

செருப்பு ரப்பரை மூன்று அடுக்காக ஒட்டி, மேலே அதே வடிவத்துக்குச் சற்றுப் பெரிதான பலகையை அடியுங்கள். ஓர் அடுக்கோடு நிறுத்தினால் பலகை மணலைத் தொட்டுத் தாங்கிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு எடை ஏற்றினாலும் தடத்தின் ஆழம் ஒன்றாகவே வரும், சோதனை கெட்டுவிடும்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் சலித்த ஆற்று மணலை 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். கையில் அள்ளி உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். நீர் அதிகமானால் தடத்தின் ஓரம் சரிந்து மூடும். குறைந்தால் நகக்குறி விழாது. வயல் களிமண் வேண்டாம், அது அச்சோடு ஒட்டிக்கொண்டு கையோடு வந்துவிடும்.

இப்போது எடை. 120 கிலோ கரடி நான்கு காலில் நின்றால் ஒரு காலுக்கு 30 கிலோ. 120 கிலோ நெருப்புக்கோழி இரண்டு காலில் நின்றால் ஒரு காலுக்கு 60 கிலோ. மூட்டை தூக்க வேண்டாம். ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையைக் கரடி அச்சின்மேல் ஒற்றைக்காலில், பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். 60 கிலோ எடையுள்ள பெரியவர் பறவை அச்சின்மேல் நிற்கட்டும். அச்சை நேராக மேலே எடுங்கள், ஆட்டி எடுத்தால் ஓரம் கெடும். குச்சியை நிறுத்தி ஆழத்தை அளந்து எழுதுங்கள். பறவையின் தடம் ஆழமாக இருக்கும். எடை இரண்டு மடங்கு என்பதோடு, அதைத் தாங்கும் பரப்பும் சிறியது. ஓடும்போது ஒற்றைக் கால் மட்டுமே தரையில் இருக்கும் தருணம் வரும், அப்போது மூன்று மூட்டையும் அந்த இரண்டு விரல்மேல்தான். தரையில் படும் விரல் குறைந்தால் வீசி எடுக்கும் காலின் நுனியில் கனமும் குறையும், கால் வேகமாகச் சுழலும். நெருப்புக்கோழி மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடும். ஓட்டத்தில் ஒரு தப்படி 3 முதல் 5 மீட்டர். களத்தில் 4 மீட்டருக்கு ஒரு தடம் வைத்து, பிள்ளைகளை ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவதாக வயல் வரப்பில் மயில் தடத்தைத் தேடிப் பார்க்கலாம். டெல்டாவில் இப்போது மயில் இல்லாத ஊர் அரிது. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. மயில் கிளையில் அடையும், பிடித்துக்கொள்ளப் பின்விரல் வேண்டும். நெருப்புக்கோழி எந்தக் கிளையிலும் உட்காரப் போவதில்லை.

நகமும் புற்றும்

கரடியின் முன்னங்கால் நகம் 8 முதல் 10 செ.மீ. வரை நீளும். அதை ஆயுதம் என்று சொல்லித் தொடங்காதீர்கள், களைக்கொட்டு என்று தொடங்குங்கள். கரடியின் முதல் சாப்பாடு கறையானும் எறும்பும். கறையான் புற்று எவ்வளவு கெட்டி என்பதைக் கையால் தொட்டால்தான் நகத்தின் நீளம் எதற்கு என்று தெரியும்.

வரப்போரம் உடைந்து உதிர்ந்து கிடக்கும் புற்றுக்கட்டி ஒன்றை எடுத்து இரண்டு நாள் காய வையுங்கள். நிற்கும் புற்றை உடைக்கக் கூடாது. அதில் பாம்பு இருக்கும். அதோடு மஞ்சள் பூசிப் பால் வார்க்கும் புற்று ஊருக்கு ஊர் உண்டு, புன்னைநல்லூர் மாரியம்மன் திருமேனியே புற்று மண்தான். காய்ந்த கட்டியை விரல் நகத்தால் கீறினால் நகம்தான் மழுங்கும். ஈர்க்குச்சி முறியும். களைக்கொட்டின் முனையைச் சந்தில் கொடுத்து நெம்பினால் பாளமாகப் பெயரும். கரடி செய்வதும் அதே நெம்பல்தான். உள்ளே தேன்கூடு போன்ற அறைகள் தெரியும். பிள்ளைகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

இந்த நீண்ட நகத்தாலும் முன்பல் குறைவாலும்தான் 1791-ல் முதலில் விவரித்தவர் இதைக் கரடி என்று எண்ணாமல் தென் அமெரிக்காவின் ஸ்லாத் என்ற சோம்பல் விலங்கின் இனத்தில் சேர்த்துவிட்டார். "ஸ்லாத் பேர்" என்ற ஆங்கிலப் பெயரில் அந்தத் தவறு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் கரடிக்குச் சோம்பல் கிடையாது.

வாய், வயிறு

மற்ற கரடிகளுக்கு 42 பல். நம் கரடிக்கு 40. மேல்வரிசையில் நடுப்பல் இரண்டும் இல்லை, அந்த இடைவெளிதான் உறிஞ்சுகுழாயின் வாய். புற்றை உடைத்ததும் முதலில் பலமாக ஊதி மண்ணைத் தள்ளும், பிறகு உதட்டை நீட்டிக் கறையானை உறிஞ்சும். மண் மூக்கில் ஏறாமல் மூக்குத்துளையை மூடிக்கொள்ளவும் அதனால் முடியும். உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

செய்து பார்க்கப் பப்பாளி இலைக்காம்பு போதும். காம்பைக் கழுவி அரை நாள் காய வையுங்கள், பால் உதட்டில் பட்டால் அரிக்கும். வாயில் வைக்கும் முனையில் மெல்லிய துணியைக் கட்டாயம் கட்டுங்கள், இல்லாவிட்டால் பொரி தொண்டைக்குள் போய்விடும். தட்டில் ஒரு கைப்பிடி நெல்பொரி, அதன்மேல் ஒரு சிட்டிகை தவிடு. முதலில் ஊதித் தவிட்டை விலக்கிவிட்டு, பிறகு பொரியைக் காம்பு நுனியில் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். ஊதாமல் உறிஞ்சினால் துணி தவிட்டால் அடைத்துக்கொள்ளும். பெரியவர் ஒருவர் செய்து காட்டினால் நல்லது.

நெருப்புக்கோழிக்குப் பல்லே இல்லை. புல், தழை, விதை எல்லாவற்றையும் அப்படியே விழுங்கும். அரைப்பது வயிற்றில், விழுங்கிய கற்களைக் கொண்டு. நாட்டுக்கோழி அறுக்கும் வீட்டில் அரைவைப்பையைக் கேட்டு வாங்கிப் பிளந்து காட்டினால் உள்ளே மணலும் பொடிக்கல்லும் இருக்கும். அந்தத் தொழில்தான் இங்கும், கல்லின் அளவுதான் பெரிது.

சோதனைக்கு இரண்டு ஒரு லிட்டர் பாட்டில் எடுங்கள். ஆறு மணி நேரம் ஊறிய பச்சைப்பயறு, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, ஒரு டம்ளர் தண்ணீர். ஒன்றில் மட்டும் 150 கிராம் கூழாங்கல். ஐந்து நிமிடம் குலுக்குங்கள். கல் போட்ட பாட்டிலில் தோல் கழன்று பயறு உடைந்து நீர் கலங்கும். மற்றதில் பயறு முழுசாக இருக்கும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் கல் புரள இடமிருக்காது. ஊறாத பயறு உடையவே உடையாது.

மேல்போர்வை

சம்பா அறுத்த வயலில் மேயும் வாத்துக்கூட்டம் உதிர்த்த இறகு ஒன்றை எடுங்கள். இறகின் இதழை விரலால் பிரித்துவிட்டு மறுபடி நீவினால் மூடிக்கொள்ளும். நுண்ணிய கொக்கிகள் ஒன்றையொன்று பிடிப்பதால் அப்படி. ஒரு சொட்டு நீர் விட்டால் உருண்டு ஓடும். நெருப்புக்கோழி இறகில் அந்தக் கொக்கிகள் இல்லை, இறகுக்கு எண்ணெய் பூசும் சுரப்பியும் இல்லை. அதனால் பஞ்சுபோலத் தொங்கும், மழையில் நனையும். பறப்பதற்கு இறகு வேண்டும் என்ற கட்டாயம் போன பிறகு அது நிழலுக்கும் குளிருக்கும் போர்வையானது. ஆண் கறுப்பு, சிறகு நுனியும் வாலும் வெளுப்பு. பெண் சாம்பல் கலந்த பழுப்பு. கரடியில் ஆண், பெண் இரண்டுமே கறுப்புதான். அதன் முடிக்கு மாதிரியாகக் கறுப்புச் சாயம் ஏற்றிய தேங்காய் நாரை வையுங்கள். யாராவது கரடிமுடித் தாயத்து கொண்டுவந்தால் காட்சியில் வைக்கக் கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கரடி முதல் அட்டவணை விலங்கு, அதன் உறுப்பை வைத்திருப்பதே குற்றம்.

முட்டையும் குட்டியும்

நெருப்புக்கோழி முட்டை ஏறக்குறைய 1.4 கிலோ, நீளம் 15 செ.மீ., அகலம் 13. கடை முட்டை 25 சேர்ந்தால் அந்த எடை. குயவர் மண்ணில் அந்த அளவுக்கு ஒன்று உருட்டி, பக்கத்தில் உரித்த தேங்காய் ஒன்றும் வையுங்கள். அடை ஏறக்குறைய 42 நாள், நம் கோழியின் 21 நாளைப் போல இரண்டு மடங்கு. பகலில் பெண்ணும் இரவில் ஆணும் அடைகாக்கும். பழுப்பு பகலில் மண்ணோடு மண்ணாகும், கறுப்பு இருட்டில் தெரியாது. மணலில் தலையைப் புதைக்கும் என்பது பொய். குழிக்குள் இருக்கும் முட்டையைக் குனிந்து புரட்டுவதையும், ஆபத்தில் கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுப்பதையும் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கட்டிய கதை.

நெருப்புக்கோழிக் குஞ்சு பொரித்த சில நாளில் தாய் தந்தையோடு நடந்துவிடும். கரடிக்குட்டி குகையில் கண் திறக்காமல் பிறக்கும், பெரும்பாலும் இரண்டு. வெளியே வந்த பிறகும் மாதக்கணக்கில் தாயின் முதுகில், தோள் சடையைப் பிடித்துக்கொண்டு சவாரி. குட்டிகளை வழக்கமாக முதுகில் சுமப்பது கரடி இனங்களில் நம் கரடிதான். களத்துப் படத்தில் சடைமுடியை நீளமாகப் போட வேண்டியது இதற்காகவும்தான்.

"ரெண்டும் சண்டை போட்டா யார் ஜெயிப்பா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். தட்டிக்கழிக்காதீர்கள். கரடி இந்தியா, இலங்கை, நேபாளத்தில். நெருப்புக்கோழி ஆப்பிரிக்காவில். காட்டில் இரண்டும் சந்திக்க வழியில்லை. கேள்வியை இப்படி மாற்றிக் கொடுங்கள்: ஆபத்து வந்தால் எது என்ன செய்யும்? பறவைக்குப் பெரிய கண், 5 செ.மீ. குறுக்களவு. உயரத்திலிருந்து தூரத்திலேயே பார்த்து ஓடிவிடும். மடக்கினால் முன்பக்கமாக உதைக்கும், அதன் பின்னால் நின்றால் ஆபத்து குறைவு என்பதல்ல, அருகில் நிற்பதே ஆபத்து. கரடிக்குப் பார்வை மட்டு, மோப்பம் கூர்மை. தீனியில் மூக்கை விட்டிருக்கும்போது ஆள் வருவது தெரியாமல், திடுக்கிட்டுத் தாக்குவதே அதிகம். கதையில் வரும் நண்பன் மரம் ஏறித் தப்பித்தான் என்பதையும் இங்கே திருத்திவிடுங்கள். நம் கரடி தேனுக்காக மரம் ஏறும் விலங்கு.

நேரில் பார்க்க

டெல்டாவில் கரடி இல்லை. குகைக்குப் பாறையும் தோண்டப் புதர்க்காடும் வேண்டும், இங்கே இருப்பது வண்டலும் வயலும். இரண்டையும் நேரில் பார்க்க வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா வசதி. கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் போகும் இரவு ரயிலில் தாம்பரத்தில் இறங்கி, செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறினால் பெருங்களத்தூருக்கு அடுத்தது வண்டலூர். செவ்வாய்க்கிழமை விடுமுறை. திறந்தவுடன் முதலில் கரடியிடம் போங்கள், வெயில் ஏறினால் நிழலில் படுத்துவிடும். நெருப்புக்கோழியைப் பிறகு பார்க்கலாம். ஒவ்வொன்றின் முன்பும் அரை மணி நேரம் நின்று மூன்றே விஷயம் குறிக்கச் சொல்லுங்கள்: நடக்கும்போது குதிகால் தரையில் படுகிறதா, தலை எந்த உயரத்தில் அதிக நேரம் இருக்கிறது, உட்காரும்போது எந்த மூட்டு முதலில் மடிகிறது. அந்தக் குறிப்பைக் களத்துப் படத்தோடு ஒத்துப் பார்த்து, தவறிய கோட்டைத் திருத்த வேண்டும். அதனால் படத்தை அழிக்கும் முன் கட்டக் கணக்கோடு ஒரு நோட்டில் பிரதி எடுத்து வையுங்கள். ரப்பர் அச்சை மணல் போகக் கழுவி நிழலில் காயவைத்தால் அடுத்த வருடத்துக்கும் வரும். மூங்கில் நகங்களை மட்டும் கழற்றித் தனியாகக் கட்டி வைக்க வேண்டும், ஈரத்தோடு விட்டால் கறையான் அரித்துவிடும்.